அட்டையின் பின்பக்கம்

நாள் முழுக்க வார்டில் நின்ற கால்களை வெந்நீரில் வைத்தேன். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று. என் கணவர் வழக்கம்போலச் சொல் அட்டைகளோடு எதிரே உட்கார்ந்தார். விடை பின்பக்கம் இருக்கும்.

"அபண்டன்ட். இதுக்கு எதிர்ச்சொல்?"

"பிளென்டி" என்று அசதியில் உளறினேன். இரண்டுக்கும் 'நிறைய' என்ற ஒரே பொருள்தான். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "சரிதான்."

அடுத்ததற்கு வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். அதற்கும் "சரிதான்" என்றார்.

போகாதே என்று சொல்ல இந்த மனுஷனுக்கு வாய் வராது. எனக்கும் சண்டை பிடிக்கத் தெம்பில்லை.

"இன்னும் எத்தனை இருக்குங்க?"

"நிறைய இருக்கு" என்றார்.

அவர் கையில் ஒரே ஒரு அட்டைதான் இருந்தது.