கீழ்க் கட்டத்தில் ஒரு புள்ளடி

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா, கூடவே இருப்பதா என்று பிரித்தானிய மக்கள் வாக்களிப்பதற்கு ஒன்பது நாள் முன்னதாகவே, இலங்கை மலைநாட்டுப் பதுளையில், ஸலீமின் தேநீர்க் கடையில் அதை முடிவு செய்துவிட்டார்கள். சரியாகச் சொன்னால் முடிவு செய்தவர் ஒருவர்தான், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மாரிசாமி. இருபத்தைந்து வருடம் அந்தத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் ஆட்கள் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எட்டரை மணி பஸ்ஸில் டவுனுக்கு இறங்கி, ஒரு பிளேன்டீயை ஆறவைத்துக்கொண்டு பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படிப்பதும், படித்ததை வைத்து எதிர்மேசைக்காரரோடு மல்லுக்கு நிற்பதும்தான் ஓய்வுக்குப் பிந்திய உத்தியோகம்.

எதிர்மேசைக்காரர் கிருஷ்ணராஜ், புடவைக்கடை முதலாளி. அவருடைய மச்சான் ஒருவர் லண்டனில் இருந்தார். அதனால் லண்டன் பேச்சு வந்தால் தன்னைத் தவிர வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவருடைய கட்சி.

"இருபத்தெட்டு நாடு ஒன்னா நிக்குது தலைவரே. அதுல இருந்து பிச்சுக்கிட்டுப் போனா எவன் மதிப்பான்?" என்றார் கிருஷ்ணராஜ்.

"முதலாளி, புடவையப் பத்தி நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன். சங்கத்தப் பத்தி எங்கிட்டக் கேளுங்க. உள்ளயே கெடக்குறவன எவனும் சட்ட பண்ண மாட்டான். போறேன்னு கிளம்புறவனத்தான் கையப் புடிப்பான்."

மாரிசாமி இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. ஒரு காலத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்டு ஆறு வருடம் சங்க அலுவலகத்துக்கு நடந்து பார்த்தார். ஏழாவது வருடம் எண்பத்திரண்டு குடும்பத்திடமும் கையெழுத்து வாங்கி, எல்லோரையும் கூண்டோடு அடுத்த சங்கத்துக்கு மாற்றினார். இருபதாம் நாள் பழைய சங்கத்து ஜீப் வந்தது. ஜீப்புக்குப் பின்னால் லொறியில் தகரம் வந்தது. மறுமாதம் அதே எண்பத்திரண்டு குடும்பமும் அதே பேனாவால் கையெழுத்துப் போட்டுப் பழைய சங்கத்துக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு அவர் நான்கு முறை விலகி, நான்கு முறையும் திரும்பி வந்திருக்கிறார். விலகுவது என்பது அவர் அறிந்த வரையில் வாசல் வரை போய்ச் செருப்பைத் தேடுவது மாதிரி. தேடிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து குரல் வந்துவிடும்.

"சரி, நாம இங்க கத்தி என்ன? நமக்கென்ன அங்க ஓட்டா இருக்கு?" என்று கிருஷ்ணராஜ் பேச்சை முடிக்கப் பார்த்தார். அங்கேதான் அவர் சறுக்கினார்.

"இருக்கு. எங்க வீட்டுல ஒன்னு இருக்கு," என்றார் மாரிசாமி.

கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஸலீம் ஆற்றிக்கொண்டிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு வந்தார். மாரிசாமியின் கடைக்குட்டி துஷாந்தினி லண்டன் குரொய்டனில் படித்துக்கொண்டே முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் பிரித்தானியா ஒரு காலத்தில் ஆண்ட பொதுநலவாய நாட்டுப் பிரஜைகளுக்கு அங்கே வாக்கு உண்டாம், வீட்டுக்கே கடிதம் வந்திருக்கிறதாம். இதை அவர் லயத்தில் வீடு வீடாகச் சொல்லி முடித்திருந்தார். சொல்லாமல் எப்படி இருப்பார்? அவருடைய அப்பா நாற்பத்தொரு வருடம் ஸ்பிரிங்வெளி மலையில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டி, தோட்டத் தமிழர் பலரைப் போலப் பிரஜாவுரிமையும் இல்லாமல் வாக்கும் இல்லாமல் செத்தவர். மாரிசாமி முதன்முதலாக வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டபோது வயது முப்பத்தைந்து. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளைக்காரன் தன் ஊர் விஷயத்தில் அபிப்பிராயம் கேட்டுக் கடிதம் போடுகிறான் என்றால் யாருக்குத்தான் தலைகால் புரியும்?

தோட்டத்தில் தேர்தல் என்றால் தலைவர் ஒரு துண்டுத் தாள் கொடுப்பார். எந்தச் சின்னம், எந்தெந்த வேட்பாளரின் விருப்பு இலக்கம் என்று அதில் எழுதியிருக்கும். ஆட்கள் அதை மடியில் செருகிக்கொண்டு போய் அப்படியே போட்டுவிட்டு வருவார்கள். படித்த பிள்ளையான துஷாந்தினியும் லண்டன் போவதற்கு முந்திய மாதம் மாகாண சபைத் தேர்தலில் அப்பாவின் துண்டைத்தான் கொண்டு போனாள். அதில் அவளுக்கும் வெட்கமில்லை, அவருக்கும் சந்தேகமில்லை.

அன்று சாயந்திரமே அவளைத் தொலைபேசியில் பிடித்தார். வாக்குச்சீட்டில் இரண்டே கட்டம், மேலே இருப்பது 'சேர்ந்திரு', கீழே இருப்பது 'விலகு' என்று சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"அப்பா, கிரிஷாந்தனுக்கு இங்க ஓட்டு இல்லப்பா. பதினாறு வருசமா இருக்காரு. பிரான்ஸ் பாஸ்போர்ட்டுன்னு குடுக்கலயாம். விலகிட்டா அவர மாதிரி ஆளுங்க நெலம என்னாகும்னு யாருக்கும் தெரியல. 'எனக்கும் சேர்த்து நீ மேல போடு'ன்னு கேட்டாரு. போடுறேன்னு சொல்லிருக்கேன்."

கிரிஷாந்தன்தான் மாப்பிள்ளை. பருத்தித்துறையில் பிறந்து, எட்டு வயதில் பெற்றோரோடு பிரான்ஸுக்கு அகதியாகப் போய், பிறகு இங்கிலாந்துக்கு வந்து மின்சார வேலை பார்க்கிற பையன். ஆவணி முகூர்த்தத்தில் பதுளைக் கோயிலில் தாலி கட்டுவதென்று இரு வீட்டாரும் பேசி முடித்து, வெற்றிலை வைத்து லயம் முழுக்க அழைத்தும் ஆகிவிட்டது.

"அட போம்மா. மாப்பிள்ளைக்கு ஒரு கொறையும் வராது. இவனுங்க வெளிய வந்தா மறுமாசமே அவனுங்க கெஞ்சிக்கிட்டு வருவானுங்க. அப்பா எத்தன தடவ பார்த்தவன்? கீழயே போடு."

"சரிப்பா," என்றாள். அந்தச் 'சரிப்பா'வில் சத்தம் குறைந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. பிறகு அதைப் பலமுறை நினைத்துப் பார்த்தார்.

மறுநாள் ஸலீமின் கடையில், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'கீழ்க் கட்டம். ஒரேயொரு புள்ளடி. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.' ஸலீம் அதைத் தன் போனில் படம் பிடித்து வைபரில் துஷாந்தினிக்கு அனுப்பினார். எதிர்மேசையில் கிருஷ்ணராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் துண்டே எழுதப்பட்டது. மகளின் நன்மையோ வெள்ளைக்காரனின் நன்மையோ அந்த நேரத்தில் மாரிசாமியின் மனதில் இருந்ததாகச் சொன்னால் அது பொய். ஒரு புடவைக்கடைக்காரரின் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை முடிவு வந்தது. விலகல்! கடைத் தொலைக்காட்சியில் எண்கள் ஓடிக்கொண்டிருக்கையில், "அதுல ஒன்னு நம்மளோடது," என்று சொல்லி மாரிசாமி எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

"இனி எப்ப தலைவரே கூப்பிடுவாங்க?" என்றார் கிருஷ்ணராஜ்.

"ஒரு மாசம் பொறுங்க முதலாளி."

ஞாயிற்றுக்கிழமை துஷாந்தினி அழைத்தாள். எப்போதும் அம்மாவிடம்தான் முதலில் பேசுவாள். அன்று அப்பாவைக் கேட்டாள். அவருடைய மனைவி பூவம்மா மாவு பிசைந்த கையோடு போனைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அப்பா, கிரிஷாந்தன் கேட்டாரு. கீழ போட்டேன்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா சொன்ன? ஓட்டு ரகசியம்தானே? மேல போட்டேன்னு சொன்னா எவனுக்குத் தெரியப் போவுது?"

"அவருகிட்டப் பொய் சொல்லிட்டு எப்படிப்பா தாலி கட்டிக்கிறது?" என்றாள். குரல் உடையவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் பயமாக இருந்தது. "அவரு கல்யாணம் வேணாங்கிறாரு. நான் இதுக்கு மேல பேசலப்பா. அம்மாக்கிட்டக் குடுங்க."

அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஞாயிறு தவறாமல் அழைத்தாள், அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினாள், 'அப்பா எப்படி' என்றுகூடக் கேட்காமல் வைத்தாள். பூவம்மாவும் அவரிடம் எதையும் சொல்வதில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள்.

மாரிசாமி ஒரு மாதம் பேப்பரை எழுத்தெழுத்தாகப் படித்தார். யாரும் கெஞ்சவில்லை. போவதென்றால் தாமதிக்காமல் போங்கள் என்று அந்தப் பக்கத்துத் தலைவர்கள் சொன்னதாகப் போட்டிருந்தது. திரும்பி வருவதற்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எங்கேயும் இல்லை. கிருஷ்ணராஜ் நல்ல மனுஷர், இதை எடுத்துக் குத்திக்காட்டவில்லை. புடவை விலையைப் பற்றிப் பேசினார். அந்தக் கருணையைத் தாங்க முடியாமல் மாரிசாமி டவுனுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

பூவம்மாவிடம் கெஞ்சி கிரிஷாந்தனின் இலக்கத்தை வாங்கி அழைத்தார்.

"சொல்லுங்கோ ஐயா," என்றான் அவன். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"தம்பி, தப்பு என்னோடது. அது சின்னப் புள்ள. நான் சொல்லித்தான் போட்டுச்சு. என்னய மன்னிச்சிருங்க தம்பி."

"எனக்கு உங்களில கோவம் இல்லை ஐயா. பதினாறு வருசமா இஞ்ச வேலை செய்யிறன், என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்ல. அது போகட்டும். ஆனா துஷா என்னோட சீவிக்கப் போறவ. நான் அவவிட்ட ஒண்டே ஒண்டுதான் கேட்டனான்." பிறகு சொன்னான்: "உங்கட அப்பாவைப் பற்றி அவ எனக்குச் சொல்லியிருக்கிறா. வோட்டில்லாத ஆளின்ர நிலைமை உங்களுக்குத் தெரியாததோ ஐயா?"

மாரிசாமிக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. தேர்தல் நாட்களில் கணக்கப்பிள்ளையும் தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோர்க்காரர்களும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாக்களிக்கப் போவார்கள். அவர்கள் வளைவில் மறையும் வரை அப்பா வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியாக அப்படிப் பக்கத்தில் நின்றபோது மாரிசாமிக்கு வயது இருபத்து மூன்று. உலகத்திலேயே வேறு யார் மறந்தாலும் அவர் அதை மறந்திருக்கக் கூடாது. மறந்துவிட்டார்.

கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது என்று லயத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவருக்கு விசா என்றார், ஒருவருக்கு நாள் சரியில்லை என்றார். ஆட்கள் தலைவரின் பேச்சைத் தோண்டிக் கேட்டுப் பழக்கமில்லாதவர்கள். இராக்கம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. இராக்கம்மா அவருடைய கூடப்பிறந்த அக்கா. மீரியபெத்தையில் மலை சரிந்து வீடு போனபிறகு, புது வீடு கிடைக்கும் வரை மற்றவர்களோடு ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கியிருந்தாள். அவளிடம் போன் கிடையாது, ஆள் அனுப்பித்தான் சொல்ல வேண்டும். அனுப்பியிருக்கலாம். ஆனால் அவள் 'ஏன்' என்று கேட்பாள். இந்த வாரம், அடுத்த வாரம் என்று அவர் கடத்திக்கொண்டே வந்தார்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் பகல் ஒரு மணிக்கு, இரண்டு பஸ் மாறி அவள் வந்து சேர்ந்தாள். அரக்குப் பட்டுச் சேலை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். லயத்து வாசலில் நின்று அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பார்த்தாள்.

"பந்தல் எங்கடா?"

"உள்ள வாக்கா. சேலை புதுசா?"

"ஜீவராணியோடது, எங்க கேம்புல இருக்கிற புள்ள. எனக்கு ஏது சேல? எல்லாம் மண்ணோட போச்சே. பந்தல் எங்கன்னு கேட்டேன்."

விசா, நாள், நட்சத்திரம் எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. அந்த இரவல் பட்டைப் பார்த்தபோது ஒன்றும் வெளியே வரவில்லை.

"கல்யாணம் நின்னு ரெண்டு மாசமாச்சுக்கா. நான்தான் நிப்பாட்டினேன்."

அவளுக்கு ஐரோப்பாவும் தெரியாது, ஒன்றியமும் தெரியாது. ஸலீமின் கடையில் மணிக்கணக்காகப் பேசியது எதுவும் அங்கே உதவவில்லை. அதையெல்லாம் கழித்துவிட்டுச் சொன்னபோது விஷயம் மிகச் சின்னதாக இருந்தது. "அந்தப் பையனுக்கு அங்க ஓட்டில்ல. எனக்கும் சேர்த்துப் போடுன்னு இவகிட்டக் கேட்டான். போடுறேன்னு இவளும் சொன்னா. நான் போடாதேன்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"கடையில ஒரு ஆளுகிட்டப் பந்தா காட்டுறதுக்கு."

இராக்கம்மா வாழைப்பழத்தை வாசல் படியில் வைத்தாள். "அந்தத் தம்பிக்கிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

"கேட்டேன்க்கா."

"புள்ளக்கிட்ட?"

மகளிடம் அவர் கேட்டிருக்கவில்லை. பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டுக்குப் பணிந்து போவது வழக்கம்தான், அதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. பெற்ற மகளிடம் மன்னிப்புக் கேட்ட தகப்பனை அந்த லயத்தில் அவர் பார்த்ததில்லை. அவள் தன்னோடு பேசவில்லை என்றுதான் இரண்டு மாதமாக வருந்திக்கொண்டிருந்தாரே தவிர, தான் அவளோடு பேசவில்லை என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றது. பூவம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தன் போனை எடுத்து இலக்கத்தைத் தட்டி அவர் கையில் வைத்தாள்.

"அங்க இப்ப காலையில எட்டரை. நைட் வேல முடிஞ்சு வந்திருப்பா," என்றாள். இரண்டு மாதத்தில் அவரிடம் அவள் பேசிய நீளமான பேச்சு அது.

மணி அடிக்கத் தொடங்கியது.

"நீ உக்காருக்கா," என்றார் மாரிசாமி.

"நீ பேசு. உக்காந்தா கசங்கிரும், குடுத்தவளுக்கு அப்படியே குடுக்கணும்."

நாலாவது மணியில் துஷாந்தினி எடுத்துவிட்டாள். "சொல்லும்மா," என்றது குரல், தூக்கக் கலக்கமும் பிரியமுமாக. மாரிசாமி வாயைத் திறந்தார். வாசலில் இராக்கம்மா, சேலைக் கொசுவத்தை ஒரு கையால் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, நின்ற இடத்திலிருந்து நகராமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.