வண்டி மேல் போட்ட பழி

எட்டு போடும்போது நான் காலை ஊன்றியது என் குற்றமில்லை, வண்டியின் குற்றம். இதை வீட்டில் சொன்னேன், என் தையல் கடைக்குத் துணி கொண்டுவரும் அத்தனை பேரிடமும் சொன்னேன். லைசென்ஸ் டெஸ்டில், வளைவில் ஆக்சிலேட்டரைக் குறைத்ததும் இன்ஜின் பொசுக்கென்று நின்றது. கால் தானாகத் தரைக்கு வந்துவிட்டது. “வண்டி சரியில்ல சார்” என்றேன்.

“இங்க வர்ற எல்லாருக்கும் வண்டிதாம்மா சரியில்ல” என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆனால் நிஜமாகவே சரியில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தால் ஓடும், விட்டால் அணைந்துவிடும். என் வீட்டுக்காரர் சிக்னலில்கூட முறுக்கிக்கொண்டே நிற்கும் ரகம். அவரைக் கேட்டால் வண்டி தங்கம் என்பார்.

மறு டெஸ்ட் திங்கட்கிழமை. சனிக்கிழமை மெக்கானிக்கிடம் போனோம். தெருவில் அவருக்கு ‘நாளைக்கு’ என்றே பட்டப்பெயர்.

“கார்பரேட்டர்ல பெட்ரோல் போற ஜெட் அடைச்சிருக்கு தங்கச்சி. சின்ன வேலைதான்.”

“எப்ப செய்வீங்கண்ணே?”

அவர் என்ன சொன்னார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா? நாளைக்கு ஞாயிறு, கடைக்கு விடுமுறை என்பது அவருக்கே அப்புறம்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும், “நாமளே கழட்டிடலாமா?” என்று கேட்டேன்.

“கழட்டறதுக்கு யாரு வேணா வருவாங்க. மாட்டறது யாரு? திங்கக்கிழமை வண்டியச் சாக்குல அள்ளிட்டுப் போவியா?” என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் என் பயம் அதுவல்ல. ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டே யோசித்தபோதுதான் அது எனக்குப் பிடிபட்டது. ஜெட் சரியாகி, அதற்குப் பிறகும் நான் கால் ஊன்றினால் யார் மேல் பழியைப் போடுவது? அடைத்துக் கிடக்கும் வரை மானம் தப்பிக்கும். எவ்வளவு கேவலமான நினைப்பு! ஊசிக்கு அடியில் காலர் கோணிக்கொண்டு போனது.

பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

“உனக்கு வண்டி ஓட்ட வருமா, வராதா? வரும்னா கழட்டு. வராதுன்னா அது பாட்டுக்கு அடைச்சே கிடக்கட்டும். சொல்லிக்க ஒரு சாக்காவது இருக்கும்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “வரும் அத்தை!” என்று கத்திவிட்டுத் திருப்புளியைத் தேடி எடுத்தேன்.

பின்கட்டில் வெள்ளை லைனிங் துணியை விரித்தேன். தையல் மெஷினைப் பிரிக்கும்போது செய்வதுபோல, கழற்றிய ஒவ்வொன்றையும் அதன்மேல் வைத்துச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டு எண் எழுதினேன். வீட்டுக்காரர் ஒரு வாளி மணலோடு தள்ளி நின்றார். தீப்பிடித்தால் வண்டியை அணைப்பாரா, என்னை அணைப்பாரா என்று கேட்டேன். முறைத்தார்.

கடைசியில் ஜெட் வந்தது. சின்னப் பித்தளைத் திருகு, நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு துளை. பழக்கதோஷத்தில் கை ஊசிக்குப் போனது, சட்டென்று இழுத்துக்கொண்டேன். ஊசி விட்டால் துளை பெரிதாகி ஜெட்டே வீணாகிவிடும். பெட்ரோலில் ஊறவைத்து, துடைத்து, ஊதினேன். ஒன்றும் நகரவில்லை. வீட்டுக்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, விழி பிதுங்க ஊதினார். அப்போதும் அசையவில்லை.

“கொண்டா இப்படி” என்றார் மாமியார். ஒரு சத்தம் போட்டால் தெருக்கோடி வரை கேட்கும் நெஞ்சு அது. ஒரே ஊது. ஏதோ ஒரு தூசி பறந்தது. ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். உள்ளே ஒரு புள்ளி வானம்! மூன்று பேரும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தோம்.

எண் வரிசையைப் பின்னிருந்து பார்த்து மாட்டினேன். உதைத்தேன். கிளம்பியது. இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கொஞ்சம் திருப்பிவிட்டு, இரண்டு கையையும் எடுத்தேன். வண்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் கை தட்டினார். வீட்டுக்காரர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இத்தன நாளா நான் எதுக்குடி முறுக்கிட்டு இருந்தேன்?”

திங்கட்கிழமை மைதானத்தில் அதே ஆய்வாளர். எட்டின் முதல் வளைவில் ஆக்சிலேட்டரைக் குறைத்தேன், இன்ஜின் நிற்கவில்லை. இரண்டாவது வளைவில் வண்டி சாய்ந்தது, கால் துடித்தது. கையில் ஒரு சாக்கும் இல்லை. விழுந்தால் நான்தான் விழுகிறேன், தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததும் ஏனோ சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஹேண்டிலை ஒடித்தேன். கால் இரண்டும் வண்டியிலேயே இருக்க, கோட்டைத் தாண்டி வெளியே வந்தேன்.

ஆய்வாளருக்கு என்னை நினைவிருந்தது.

“போன தடவை கால் ஊன்றினது வண்டின்னீங்க. இப்ப எட்டு போட்டது யாரு, வண்டியா, நீங்களா?”

“வண்டியைச் சரி பண்ணினதும் நான்தான் சார், ஓட்டினதும் நான்தான்” என்றேன். மைதானத்துக்கே கேட்டிருக்கும். மாமியாரின் குரல் எனக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது.