மொய் வாசித்த நிலுக்ஷி

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்துக் கல்யாணத்தில் மொய் வைத்தவர் பெயரை மைக்கில் வாசிக்காமல் விட்டால், அன்றைக்கே ஒரு சண்டை நிச்சயம். அங்கேயே பிறந்து வளர்ந்த நிலுக்ஷி தன் யூடியூப் சேனலிலும் அந்த வழக்கத்தை விடவில்லை. சமையல் வீடியோவுக்குக் கீழே அவள் போடும் லிங்கைத் தட்டி யாராவது குக்கரோ கிரைண்டரோ வாங்கினால், இணையக் கடை அவளுக்கு ஒரு பங்கு தரும். வாங்கியவர்கள், "நிலு, வாங்கிட்டேன், பேர வாசிச்சிரு" என்று வாய்ஸ் அனுப்புவார்கள். அடுத்த வீடியோவில் ராகம் போட்டு வாசித்துவிட்டுத்தான் அடுப்பையே பற்றவைப்பாள்.

திடீரென்று பங்கு வருவது நின்றது. வாய்ஸ் வருவது மட்டும் நிற்கவில்லை.

எல்லாம் பிரவுசரில் போட்டுக்கொள்ளும் 'சலுகைப்பை' என்ற எக்ஸ்டென்ஷன் செய்த வேலை. காசு கட்டும் பக்கத்தில் துள்ளி வந்து, கூப்பன் தேடுகிறேன் என்று பாவனை காட்டி, ஆளை அனுப்பியவர் பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும். அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சேனலில் ஊருக்கெல்லாம் சொன்னதே நிலுக்ஷிதான். சொந்தக் காசில் சூனியம்! தேன் எடுத்தவன் புறங்கையை நக்கட்டும், யார் வேண்டாமென்றது? இவன் குடத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பதுளையில் வக்கீலாக இருந்த றஷீனா அவளுக்காகச் சலுகைப்பை கம்பெனிமேல் வழக்குப் போட்டார். கொழும்பு நீதிமன்றத்தில் கம்பெனி வக்கீல் எழுந்து, இந்தப் பெண்ணின் வீடியோவைப் பார்த்து ஒருவர்கூட வாங்கவில்லை, வாங்கியவர்களெல்லாம் எங்கள் கூப்பனுக்காக வந்தவர்கள் என்றார். காசு போனதைவிட அந்தப் பேச்சுதான் நிலுக்ஷியைச் சுட்டது. அத்தனை பேர் அவளை நம்பி வாங்கியது பொய்யா?

அவர் அதோடு விட்டிருக்கலாம். அவளைக் கேலி செய்ய ஒரு வீடியோவையும் போட்டுக் காட்டினார். "நமுனுகுல றொபின்சன் அண்ணன், குக்கர்! கட்டார்ல இருந்து செபஸ்தியம்மா அத்தை, கிரைண்டர்!" என்று நிலுக்ஷியின் குரல் மன்றம் முழுக்க ராகம் பாடியது. பலர் சிரித்தார்கள். அவள் கூனிக் குறுகிப் போனாள்.

"தலைய நிமிருங்க நிலுக்ஷி," என்று மெல்லச் சொன்ன றஷீனா எழுந்தார். சாட்சிக்கு வந்திருந்த இணையக் கடை அதிகாரியிடம், அந்தப் பெயர்களை உங்கள் விற்பனைப் பதிவில் தேடிப் பாருங்கள் என்றார்.

அதிகாரி மடிக்கணினியில் தேடினார். றொபின்சன் இருந்தார். செபஸ்தியம்மா இருந்தார். வாசித்த பெயர் ஒன்றுகூடத் தவறவில்லை. எல்லோரும் நிலுக்ஷியின் லிங்க் வழியாகவே கடைக்குள் வந்திருந்தார்கள். காசு கட்டும் இடத்தில்தான் 'சலுகைப்பை' குறுக்கே புகுந்திருந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பறித்த பங்கைத் திருப்பிக் கொடு, இனி அடுத்தவர் பெயரில் கைவைக்காதே என்று தீர்ப்பு வந்தது. லயத்தில் பட்டாசு வெடித்தது. நிலுக்ஷி சந்தோஷத்தில் அழுதாள், பிறகு முகம் கழுவிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் நின்றாள். அன்றைய மொய்யில் முதல் பெயரை இழுத்து, நிறுத்தி, ஊரே கேட்க வாசித்தாள்:

"சலுகைப்பை கம்பெனி, கொழும்பு! மொய் கொஞ்சம் லேட்டாத்தான் வந்துச்சுங்க. அதுக்காக பேர வாசிக்காம விட்டுருவோமா?"