சலூன்காரரின் வலது கை

"அசையாதீங்க ஐயா, இதோ முடிஞ்சிடும்," என்றாள் ஆஸ்பத்திரியில் காந்தக் கருவியைப் பிடித்திருந்த பெண். இத்தனை வருஷமாக ஊரார் தலையைப் பிடித்துக்கொண்டு தான் சொல்லிவந்த வசனம் இப்போது தன் தலைக்கே வந்துசேர்ந்ததில் சலூன்காரருக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் தலை ஆடும் என்று அடக்கிக்கொண்டார். எட்டு என்ற எண்போல் வளைந்த காந்தம் மண்டையோரம் டக் டக்கென்று கொத்தியது, மரங்கொத்திக்கு வேறு மரமே அகப்படாத மாதிரி.

டாக்டர்கள் பார்க்கின்சன் என்றார்கள், வீட்டில் நடுக்குவாதம். உடம்பில் வலது கைக்கு மட்டும் தனியாகக் குளிர் அடிப்பதுபோல் உதறும். கத்தி பிடிக்கிற கை. ஆராய்ச்சிக்காக இலவசமாகத் தரும் இந்தச் சிகிச்சையில் உதறல் கொஞ்சம் தணிந்திருந்தது. இன்னும் சில வாரம் கிடைத்தால் கத்தியைத் தொட்டுவிடலாம் என்று நம்பினார். சலூன் முதலாளியும் அதுவரைக்கும்தான் அவருடைய நாற்காலியில் வேறு ஆள் போடாமல் இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

பெரிய டாக்டர் பரிசோதிக்க வந்தார். "கையை நீட்டுங்க."

உதறலை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் மறைத்து மறைத்து ஊறிப்போன பழக்கம். முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை அடக்கி நீட்டினார். கை ஆணி அடித்தாற்போல் நின்றது.

"பிரமாதம். இனி உங்களுக்கு இது தேவையில்ல. நாளையிலேர்ந்து வேற ஒருத்தருக்குக் குடுத்திடலாம்."

பக்கத்தில் நின்ற மனைவி பதறிப்போனாள். "சார், வீட்ல டம்ளரத் தூக்குனா பாதித் தண்ணி தரையிலதான். இந்த மனுஷன் மறைக்கிறாரு."

"ஆமா சார், பழக்கதோஷம்," என்று அவர் மூச்சை விட்டதும் கை உதறத் தொடங்கியது.

டாக்டர் சிரித்தார். "நிறுத்துறோம்னு சொன்னா எல்லாருக்கும் நடுங்கத்தான் செய்யும்."

வராந்தாவுக்கு வந்ததும் மனைவி பொரிந்தாள். "உங்க சாமர்த்தியத்த இங்க வந்தா காட்டணும்?"

"ஒழுங்கா நடுங்குறதுக்குக்கூட எனக்குத் துப்பில்ல, விடு."

கருவிக்காரப் பெண் பின்னாலேயே வந்தாள். "ஐயா, ஒரு படம் எடுத்துக்கிறோம். குணமானவங்க படத்த இந்தச் சுவர்ல மாட்டணுமாம்."

"எடுத்தா மறுபடி சிகிச்சைக்குக் கூப்பிடுவாங்களாம்மா?" என்றாள் மனைவி.

"கூப்பிடலாம்," என்று பெண் சுவரைப் பார்த்துச் சொன்னாள். தொழில் தெரியட்டும் என்று தன் பையிலிருந்த சீப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். சீப்பு படபடத்தது. மனைவி அவருடைய முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். மெல்ல அடங்கியது.

"அம்மா, நீங்க படத்துல விழுறீங்க. கொஞ்சம் தள்ளிக்குங்க."

அவள் முழங்கையை விடாமல், கை நீளுமட்டும் தள்ளிப்போய் நின்றாள்.