பார்வையாளர் கூச்சல்

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். வாயைத்தான் திறக்கக் கூடாது. வெர்லீன் டப்ஸுக்கு அதுவே வயிற்றெரிச்சல். வங்கிக் கொள்ளை என்று பன்னிரண்டு வருஷம் தண்டனை வாங்கி உள்ளே கிடப்பவன் அவள் பெற்ற பிள்ளை லாமான்ட். அவனைக்கூட இங்கே கூட்டி வரவில்லை. இங்கே சாட்சியும் கிடையாது, ஜூரியும் கிடையாது. கீழ்க்கோர்ட்டில் தட்டச்சு செய்த காகிதக் கட்டை வைத்துக்கொண்டு இரண்டு வக்கீல்கள் பேசுவார்கள், மூன்று நீதிபதிகள் முடிவு செய்வார்கள்.

கொள்ளை நடந்த நேரத்தில் தன் கடையில்தான் லாமான்ட் டயர் மாற்றிக்கொண்டிருந்தான் என்று டயர் கடைக்காரர் ஒருவர் கீழ்க்கோர்ட்டில் சாட்சி சொன்னார். அப்போது ஜூரியில் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். பின்னால் அவனே அதை ஒப்புக்கொண்டான். லாமான்டின் அப்போதைய வக்கீலோ பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். வெர்லீன்தான் எழுந்து கத்தினாள். அவளை வெளியே தள்ளச் சொன்னார் நீதிபதி.

"அவன் தூங்கினது அந்த ஜட்ஜுக்குத் தெரியுமாங்கிறதுதான் இப்ப கேள்வியே," என்று மேல்முறையீட்டு வக்கீல் ஹன்னா காலையில் சொல்லியிருந்தாள். "தெரிஞ்சும் விட்டிருந்தா மறு விசாரணை கேக்கலாம், மிஸ் வெர்லீன்."

"நான்தான் தொண்டை கிழியக் கத்தினேனே! அந்தாளுக்கு என்ன, காது செவிடா?"

"அதை 'பார்வையாளர் கூச்சல்'னு மட்டும்தான் பதிவுல எழுதியிருக்காங்க. எழுதாததை நான் இங்க பேச முடியாது."

இப்போது நடுவில் இருந்த நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பார்வையாளர் என்னதான் கத்தினாங்க?"

"பதிவுல இல்லை, யுவர் ஆனர்," என்றான் அரசு வக்கீல், கொஞ்சமும் கூசாமல். "அது யாருக்குமே தெரியாது."

ஹன்னா தலையைக் குனிந்துகொண்டாள். யாருக்குமே தெரியாதாம்! கத்தியவள் பத்தடி தள்ளி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாள்.

வெர்லீன் எழுந்துவிட்டாள். "'ஜட்ஜய்யா, அந்தாள் தூங்குறான், எழுப்புங்க!' இதைத்தான் கத்தினேன்."

காவலர் ஓடி வந்து அவள் முழங்கையைப் பிடித்தார்.

"இதை நாங்க கணக்குல எடுத்துக்க முடியாதும்மா," என்றார் நீதிபதி அம்மாள்.

"எடுத்துக்கலேன்னா போங்க. மூணு பேரும் முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க? காதுல விழுந்துச்சில்ல?" வாசல்வரை திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டே போனாள்.

கோடையில் தீர்ப்பு வந்தது. தண்டனை உறுதி. பார்வையாளர் என்ன சொன்னார் என்பது இந்த நீதிமன்றத்துக்குத் தெரியாதாம். அதில் மூன்று பேருக்கும் ஒரே கருத்து.