தியாகி சுப்பராயலுவின் சலனப்படம்

விழுப்புரத்தில் அரங்கநாதனைத் தெரியாதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். நெல் மண்டி மாமனார் கொடுத்தது. மண்டி வேலையைக் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொண்டார். அரங்கநாதனுக்கு மிச்சமிருந்த ஒரே தொழில், காலஞ்சென்ற தன் தகப்பனார் சுப்பராயலு ஒரு தியாகி என்று சொல்லித் திரிவது.

"அப்பா சாவுற வரைக்கும் இடது கால இழுத்துக்கினுதான் நடந்தாரு. எதனால? வெள்ளைக்காரன் போலீசு தடியால அடிச்சதால" என்பார் டீக்கடையில். டீ அவர் செலவு என்பதால் நாலு தலைகள் ஆடும். அந்தத் தலைகளுக்கும் வேறு உபயோகம் கிடையாது.

1959-ல் ஸ்டேஷன் ரோடு முனையில், பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்காக வியாபாரிகள் சங்கம் ஒரு நிழற்குடை கட்டியது. அதில் தகப்பனார் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று அரங்கநாதன் ஒற்றைக் காலில் நின்றார். பெயர் ஏறிவிட்டால் அவர் மாமனார் தயவில் சாப்பிடுகிறவர் இல்லை, தியாகி மகன். சங்கத் தலைவர் மளிகைக்கடை சவுரிராயன் மசியவில்லை.

"அடி வாங்கினத பாத்தவங்க யாருனா இருந்தா கூட்டிக்கினு வாங்க. கால இழுத்துக்கினு நடந்தவங்கல்லாம் தியாகின்னா, மொதல்ல எங்க மாமியார் பேரத்தான் வைக்கணும்."

இந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த பூமாலை சொல்லியனுப்பினார். சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய சாமான்களோடு ஒரு படச்சுருள் கிடைத்ததாம். யாரோ ஒரு வெள்ளைக்கார ரயில்வே அதிகாரி முப்பது வருஷத்துக்கு முன் பிடித்தது. பார்த்தால் விழுப்புரம் ஸ்டேஷன் ரோடு.

அரங்கநாதன் அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் போய் இறங்கினார். சுருளின் ஒரு முழ நீளத்தைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சின்னச் சின்னக் கட்டங்கள். ஒன்றில் சாட்சாத் அப்பா, தெருவில் மல்லாந்து கிடந்தார். அவர் மேல் குனிந்தபடி, கையில் தடியோடு ஒரு போலீஸ்காரன். சுற்றிலும் கூட்டம்.

"பாத்தியா பூமாலை, பாத்தியா" என்றார். கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"சார், மெஷின்ல ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு அப்பறமா ஊருக்குக் காட்டுங்க. கட்டம் கட்டமா பாக்கிறது வேற, ஓட்டிப் பாக்கிறது வேற."

"எங்கப்பாவ எனக்கு நீ காட்டுறியா?"

ஞாயிற்றுக்கிழமை டூரிங் கொட்டகையில், முதல் ஆட்டத்துக்கு முன் இலவசமாகத் திரையிட ஏற்பாடானது. சங்கத்தார் நாற்காலியில். மணல் தரையில் ஊரே குந்தியிருந்தது. ஜட்கா ஓட்டுகிறவர்கள் மொத்தமாக வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். படம் ஊமைப்படம் என்பதால், அரங்கநாதன் ஜரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றார். விளக்கவுரை அவரே எழுதியது.

விளக்கு அணைந்தது. திரையில் ஸ்டேஷன் ரோடு. மாட்டு வண்டிகள் ஓட்டமாக ஓடின. கூடைக்காரிகள் பறந்தார்கள். பழைய படத்தைப் புது மெஷினில் ஓட்டினால் எல்லாமே தலைதெறிக்கும் என்று ஆபரேட்டர் அடைக்கலராஜ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அரங்கநாதனுக்கு அது காதில் ஏறவில்லை.

சுப்பராயலு வந்தார். கட்டுக்குடுமி, கோட்டு, குடை. பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, துரத்தப்பட்ட வாத்து மாதிரி குடுகுடுவென்று வந்தார். இரண்டு காலும் நன்றாகவே இருந்தன.

"இதோ, அந்நியரை எதிர்க்கும் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கப் புறப்படுகிறார்" என்றார் அரங்கநாதன்.

சுப்பராயலு ஒரு ஜட்காவில் ஏறி, பின்பக்க ஓரத்தில் சப்பென்று உட்கார்ந்தார். வண்டிக்காரன் முன்னே வரும்படி கையைக் காட்டினான். பாரம் பின்னால் ஏறினால் ஜட்கா குதிரையைத் தூக்கிவிடும். அதனால் எவ்வளவு பெரிய மனிதரானாலும் வண்டிக்காரன் சொன்ன இடத்தில்தான் உட்கார வேண்டும். சுப்பராயலு குடையை ஆட்டி அவனைத் திட்டுவது தெரிந்தது.

"முன்னால குந்து சாமி" என்று முன்வரிசையிலிருந்து திரைக்கே ஒருவர் சொன்னார்.

"ஜட்காக்காரன் சொல்லி இவரு நவுருவாரா? பெரிய மனுசன்டா."

"அப்ப உளுவாரு."

குதிரையைப் பூட்டியிருந்த ஏர்க்கால் மேலே போயிற்று. குதிரையின் முன்னங்கால்கள் காற்றில் நீந்தின. சுப்பராயலு மல்லாக்கச் சரிந்து, ஒரு கால் மடங்கி, தெருவில் விழுந்தார். குடை தனியாக ஓடியது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரன் ஓடிவந்து, தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவரைத் தூக்கி நிறுத்தி, பின்பக்கத்து மண்ணைத் தட்டிவிட்டான். சுப்பராயலு அவனையும் திட்டினார். பிறகு இடது காலை இழுத்துக்கொண்டு திரையை விட்டு வெளியேறினார்.

அரங்கநாதன் எழுதி வைத்திருந்ததை வாய் தானாகப் படித்தது: "ஏகாதிபத்தியத்தின் தடி அவர் மீது..."

மீதி யார் காதிலும் விழவில்லை. கொட்டகை சிரித்த சிரிப்பில் மூங்கில் ஆடியது.

"இன்னொரு தபா போடு வாத்யாரே" என்று கத்தினார்கள். அடைக்கலராஜ் போட்டார். இலவசக் காட்சிதானே.

"ஆதாரம் கேட்டேன், குடுத்துட்டீங்க" என்று சவுரிராயன் எழுந்தார். "போலீசுக்காரன் பேரு தெரிஞ்சா சொல்லுங்க. நிழற்குடைக்கு அத வெச்சிடலாம்."

நிழற்குடையில் எந்தப் பெயரும் பொறிக்கப்படவில்லை. அரங்கநாதன் ஒரு மாதம் மண்டிக்குள்ளேயே கிடந்தார். கணக்குப்பிள்ளைக்குத்தான் அது பெரிய பேஜாராகப் போயிற்று.

பிறகு ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் திரும்பினார். கண்டக்டர் வேலைக்குப் புதிது.

"ஸ்டேஷன் ரோடு முனை" என்றார் அரங்கநாதன்.

"அது எங்கங்க இருக்குது? அந்தப் பேர்ல ஸ்டாப்பிங் இல்லீங்களே."

பின் சீட்டில் மல்லாட்டையை உரித்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டிருந்த பெண் உதவிக்கு வந்தாள். "உளுந்தவரு முனையத்தான் அப்படிச் சொல்றாரு."

"அதானுங்களா?" என்று கண்டக்டர் அரங்கநாதனைப் பார்த்தார்.

அரங்கநாதன், ஆமாம் என்று தலையாட்டினார்.