சிற்றாடாதோடையில் ஒட்டாத நான்கு எழுத்துகள்

நான்கு எழுத்துகள்தான் ஒத்துவரவில்லை.

செடியின் இலையில் வெயிலை உணவாக்கும் பசுங்கணிகத்துக்குத் தனியே ஒரு டி.என்.ஏ. உண்டு. சுமார் ஒன்றரை லட்சம் எழுத்துகள், வட்டமாக மூடிய ஒரே வரி. இருமல் மருந்துக்குப் போகும் சிற்றாடாதோடையின் அந்த வரியைத் துண்டு துண்டாகப் படித்து, ஸ்ரீலட்சுமி கணினியில் அடுக்கி முடித்திருந்தாள். ஒரு சிறு பகுதியில் மட்டும், பத்துப் பன்னிரண்டு துண்டுக்கு ஒன்று வேறு நான்கு எழுத்துகளைக் காட்டியது. ஒரே செடிக்குள் இரண்டு பாடம் எப்படி?

ஆய்வகத் தலைவர் கிருஷ்ணகுமாருக்குக் குழப்பமே இல்லை. "பெரிய ஆடாதோடை கலந்தாச்சு. ரெனியாக்கும் இலை எடுத்தது? நாளைக்கு உறுதியாச் சொல்லு. கலப்புன்னா அவளுக்குக் கான்ட்ராக்ட் நீட்ட மாட்டேன்."

ஸ்ரீலட்சுமிக்கும் அதுதான் தோன்றியது. இலை பறிப்பது ஒப்பந்த உதவியாளர் ரெனியின் வேலை. இலையில் மாவுச்சத்து மிகுந்தால் டி.என்.ஏ. சுத்தமாகப் பிரிந்து வராது. அதனால் இலை பறிக்கும் முன் செடியை இருட்டில் வைப்பார்கள். வெளிச்சமில்லாத செடி சேமித்த மாவை எல்லாம் தின்று தீர்த்துவிடும். அந்த இருட்டு அலமாரியைத் திறந்தாள். சின்ன இலைச் செடியை ஒட்டிப் பெரிய இலைச் செடி நின்றது.

"ரெனி, ரெண்டையும் ஒண்ணாவா வெச்சே?"

"ஓ, வச்சேன். அந்தப் பெரியது பக்கத்து லேபுக்குள்ளது. இருட்டை ரெண்டாப் பகுக்க ஒக்குமா சேச்சி?" பாறசாலைக்காரி ரெனி கையுறையைக் கழற்றாமலே சொன்னாள்.

"இலை மாறியிருக்குமோ?"

"எனக்க கண்ணு என்ன பொட்டையா? சாலைச் சந்தை மருந்துக் கடையில பெரியதைக் காட்டிச் சின்னதுன்னு எனக்க தலையில கெட்ட இதுவரை ஒருத்தனும் பொறக்கல்ல."

"பின்னே இந்த நாலு எழுத்து எங்கேருந்து வந்தது?"

"அது உங்க கம்ப்யூட்டருக்குள்ள இல்லியா இருக்கு? அதுகிட்ட கேளுங்க."

அவ்வளவு நிதானமாகப் பேசியதே ஸ்ரீலட்சுமிக்குப் பிடிக்கவில்லை. நிரூபித்தே தீருவது என்று பெரிய ஆடாதோடையின் வரியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதிலும் அந்த நான்கு எழுத்துகள் இல்லை. அப்படியானால் மூன்றாவது ஒரு செடியோ?

அங்கேதான் அவள் சந்தேகம் இடறியது. எந்தச் செடி கலந்திருந்தாலும் வட்டம் முழுக்க அங்கங்கே வேறுபாடு தெரியும். இங்கே ஒரே பகுதி, மற்றதெல்லாம் சுத்தம். இலை கலந்தால் ஒரு மூலையில் மட்டுமா கலக்கும்?

முதல்முறையாகத் தன் வேலையின் மீதே அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒப்பிடும் மென்பொருள், துண்டில் பொருந்தும் பாகத்தை மட்டும் திரையில் காட்டும். பொருந்தாத வாலை மறைத்துவிடும். திரை தெளிவாக இருக்கட்டும் என்று அவளும் அப்படியே விட்டிருந்தாள். இப்போது முரண்டு பிடித்த ஒரு துண்டின் வாலை விரித்தாள். அது பசுங்கணிகமே இல்லை, மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு. அடுத்த துண்டிலும் அதே வால். அதற்கடுத்ததிலும்.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சொந்த டி.என்.ஏ. உண்டு. என்றோ பசுங்கணிகத்திலிருந்து ஒரு பகுதி நகலாகி அதற்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. காலப்போக்கில் நான்கு எழுத்துகள் மாறியிருக்கின்றன. இலைச் செல்லில் பசுங்கணிகப் பிரதிகளே அதிகம் என்பதால், இந்த நகல் அவ்வளவு அபூர்வமாகத் தெரிந்தது. மைட்டோகாண்ட்ரியாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் ஒப்பீட்டில் சேர்க்காமல் ஒதுக்கியிருந்ததால், போக வேறு இடமில்லாத துண்டுகள் பசுங்கணிகத்தில் வந்து ஒட்டிக்கொண்டன.

கிருஷ்ணகுமாரை அழைத்தாள். "கலப்பு இல்லை சார். ரெனி எடுத்த இலை சரிதான். தப்பு என்னோடது."

"அப்போ அந்த நாலு எழுத்து?"

"அது மைட்டோகாண்ட்ரியாவுல இருக்கற நகல் சார். ரெண்டு டி.என்.ஏ.வையும் ஒண்ணா வெச்சு ஒப்பிடணும். ஒவ்வொரு துண்டும் முழு நீளத்துக்கும் எங்கே பொருந்தறதோ அங்கேயே போயிடும். ஓட்டிப் பாத்துட்டேன், பசுங்கணிகத்துல இப்போ ஒரே பாடம்தான்."